ஒப்புக்கொடுத்த வாழ்வு: பிரிஸ்டல் நகர் ஜார்ஜ் முல்லர்

ஒப்புக்கொடுத்தல் என்பது தமிழ்க் கிறித்தவர் வழக்கில் நாள்தோறும் பயிலும் சொல். தன் வாழ்வின் கடிவாளத்தைத் தன் கையிலிருந்து விடுத்து இறைவன் கையில் வைத்துவிடுதலை அது குறிக்கும். இதனோடு நெருங்கிய பண்பினை நம் இல்லங்களில் தவக்குல் என்னும் அரபுச் சொல்லால் வழங்குகிறோம். வைணவர் சரணாகதி என்பர். இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்த பொருளும் வரலாறும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. ஒப்புக்கொடுத்தேன் என்று கூறும் மனிதர் ஒருவர் எதனைக் கைவிட்டார், எதனைக் கைவிடவில்லை, அவர் விட்டதன் சுமையை யார் யார் தாங்கினர் என்பனவே நாம் கேட்க விரும்பும் வினாக்கள். அவற்றிற்கு விடை தேட ஜார்ஜ் முல்லரின் (1805–1898) வாழ்க்கையைவிடப் பொருத்தமான ஒன்று எளிதில் கிடைக்காது.

முல்லர் 1805 செப்டம்பர் 27 அன்று பிரஷ்ய நாட்டின் குரோப்பன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசின் தீர்வைப் பணம் தண்டும் அலுவலர். வீட்டிலேயே அரசுப் பணம் இருந்தது. பத்து வயது நிரம்பும் முன்னரே மகனின் கை அதனைத் தீண்டக் கற்றுக்கொண்டது. ஐயுற்ற தந்தையார் ஒருநாள் தொகையொன்றை எண்ணி அறையில் வைத்துவிட்டு மறைந்து பார்த்தார். எடுத்த பணத்தைச் சிறுவர் காலணிக்குள் பாதத்தின் அடியில் ஒளித்திருந்தார். அடி கிடைத்தது; பழக்கம் போகவில்லை. சமயச் சடங்கு ஒன்றிற்காகக் குருவிடம் கொடுக்கச் சொல்லித் தந்தையார் அளித்த தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து எஞ்சியதைத் தமதாக்கிக்கொண்டார். தாயார் இறந்த இரவில், அச்செய்தி அறியாமல், பின்னிரவு வரை சீட்டாடிக்கொண்டிருந்தார். அப்பொழுது வயது பதினான்கு. பதினாறாம் வயதில் விடுதிகளில் உண்டு உறங்கிவிட்டுப் பணம் கொடுக்க இயலாமல் வுல்ஃபன்பியூட்டல் சிறையில் 1821 டிசம்பர் முதல் 1822 சனவரி வரை அடைபட்டுக் கிடந்தார்.

இவற்றையெல்லாம் பகைவர் எவரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் ஒன்றுவிடாமல் பதிவு செய்தார். பெரியோர் வரலாறு எழுதுவோர் இளமைக் குறைகளை மெழுகிவிடுவது நம் நாட்டில் வழக்கம். முல்லரோ தம் குறைகளைக் கணக்குப்போல் எழுதினார். பணத்தில் பொய் சொன்ன அதே கை, பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிறர் பணத்திற்குக் காசு பிசகாமல் கணக்கு எழுதியது என்பதை நினைவில் கொண்டால் இவ்வாழ்க்கையின் பிற பகுதிகள் விளங்கும்.

1825இல் அவர் ஹாலே பல்கலைக்கழகத்தில் சமயக்கல்வி மாணவராகச் சேர்ந்தார். ஹாலே என்றதும் தமிழ் பயில்வோர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். அந்நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நிறுவிய அநாதை இல்லமும் கல்விக்கூடங்களுமே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவுக்கு ஊக்கமும் உதவியும் அளித்த இடம். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடுவதற்கு உரிய தமிழ் எழுத்துகள் முதலில் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. தமிழ் ஏட்டுச்சுவடிகளையும் அந்நிறுவனத்தார் இன்றளவும் காத்து வருகின்றனர். பிராங்கே அந்த இல்லத்தைத் தொடங்கியபோது அவரிடம் பெரும் செல்வம் எதுவும் இல்லை; இறைவன் தருவான் என்ற நம்பிக்கை ஒன்றே முதலாக இருந்தது. அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகியும் நிலைத்திருந்த அவ்வில்லத்தில், வறிய மாணவர்க்கென ஒதுக்கப்பட்ட அறையில், முல்லர் இரண்டு மாதம் தங்கியிருந்தார். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கும் பிரிஸ்டலில் அநாதைகளுக்கும் வித்து ஒரே இடத்தில் ஊன்றப்பட்டது.

ஹாலேயில் கால்வைத்தபோது முல்லர் திருந்தியவர் அல்லர். முந்நூறு நூல்கள் வைத்திருந்த அந்தச் சமய மாணவரிடம் விவிலியம் ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டு கோடையில் நண்பர்களோடு சுவிட்சர்லாந்து சென்றார். பயண அனுமதி பெறப் போலிக் கடிதங்கள் புனைந்தனர். பொதுப்பணப்பை முல்லர் கையில் இருந்தது. தம் செலவின் ஒரு பகுதியை நண்பர்கள் தலையில் அவர்கள் அறியாமலே ஏற்றினார். அந்த ஆண்டு நவம்பரில், உடன் சென்ற நண்பர் ஒருவர் அவரை ஒரு வணிகர் வீட்டில் நடந்த எளிய வழிபாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் முழந்தாளிட்டு வேண்டியதைக் கண்டார். அதுவரை எவரும் அவ்வாறு வேண்டி அவர் கண்டதில்லை. கற்றறிந்த தம்மால் அந்த எளிய மனிதர்போல் இறைவனோடு பேச இயலாது என்ற உணர்வு அவரை உலுக்கியது. அன்று முதல் அவர் வாழ்வு திசை மாறிற்று.

மாற்றத்தின் முதற் செலவு தந்தையாரிடத்தில் நேர்ந்தது. நல்ல ஊதியமுள்ள குருவாக மகன் அமர்வான், முதுமையில் அவன் வீட்டில் தங்கலாம் என்று தந்தையார் எண்ணியிருந்தார். மகனோ அயல்நாட்டுச் சமயத்தொண்டுக்குச் செல்ல விரும்பினார். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடக்கத் துணிந்தவன் தந்தையின் பணத்தில் படித்தல் முறையன்று என்று கருதி, அவரிடம் பணம் பெறுவதை நிறுத்திக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேராசிரியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்பித்துப் பெற்ற பொருளில் படிப்பை முடித்தார். ஒப்புக்கொடுத்தல் என்பது அவரிடம் முதலில் தந்தையார் பணத்தை மறுத்தலாகவே வெளிப்பட்டது.

1829இல் இங்கிலாந்து வந்தார். உடல் நலிந்து ஓய்வுக்காகக் கடற்கரை ஊரான டெய்ன்மவுத் சென்றவர், அங்கேயே சிறு சபை ஒன்றின் போதகரானார். ஆண்டுக்கு 55 பவுன் ஊதியம். 1830 அக்டோபரில் மேரி குரோவ்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அதே மாதத்தில் அந்த ஊதியத்தையும் துறந்தார். ஆலயத்தின் இருக்கைகளை வாடகைக்கு விட்டு ஊதியம் திரட்டுவது அக்கால வழக்கம். செல்வர்க்கு முன்னிருக்கை, வறியவர்க்குப் பின்னிருக்கை என்னும் வேற்றுமையை அது வளர்ப்பதாக அவர் கருதினார். அதற்கு மாறாக ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. விரும்புவோர் விரும்பியதை இடலாம். பெட்டியை வாரந்தோறும் திறந்து தருமாறு முதலிலேயே சொல்லியிருந்தார். பொறுப்பாளர்களோ மறதியாலோ, சிறு தொகையைக் கொடுக்கக் கூசியோ, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையே திறந்தனர். வீட்டில் காசு தீர்ந்த நாள்களிலும் முல்லர் அதனை நினைவூட்டவில்லை. மனிதர் கையையும் பெட்டியையும் நோக்காமல் இறைவனை மட்டுமே நோக்குவது என்று கணவரும் மனைவியும் முடிவு செய்திருந்தனர். திருமணமாகி நாள்கள் சிலவே ஆன ஓர் அம்மையார் இதற்கு இசைந்தது சிறிய செய்தியன்று. முல்லரைப் புகழும் நூல்கள் மேரி அம்மையாருக்குப் போதிய இடம் தரவில்லை என்பது நம் கருத்து.

மேரியின் தமையனார் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்சிட்டர் நகரில் பெருவருவாய் ஈட்டிய பல் மருத்துவர். அதனைத் துறந்து 1829இல் குடும்பத்தோடு பாக்தாதுக்குப் புறப்பட்டவர். அங்கே 1831இன் கொள்ளைநோயில் மனைவியை இழந்தவர். பின்னர் 1833இல் இந்தியா வந்து சித்தூரில் தங்கிப் பணியாற்றினார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அருளப்பன், குரோவ்ஸின் தொடர்பால் அயல்நாட்டுச் சங்கத்தின் ஊதியத்தை நம்பாமல் தொண்டு செய்யும் வழியை மேற்கொண்டார்; கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்தார். இவ்வகையில் முல்லரின் குடும்பத்துக் கொள்கை தென்தமிழகத்தின் கரிசல் மண்ணையும் தொட்டது.

1832இல் முல்லர் பிரிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு அந்நகரைக் காலரா சூறையாடியது. 1834இல் நண்பர் ஹென்றி கிரெய்க்கோடு சேர்ந்து பள்ளிகளையும் விவிலியப் பரப்புதலையும் நடத்த ஓர் அமைப்பைத் தொடங்கினார். கடன் வாங்குவதில்லை, செல்வாக்குடையோரைப் புரவலராக வேண்டுவதில்லை என்பன அதன் விதிகள். 1835 நவம்பரில் பிராங்கேயின் வரலாறு மீண்டும் அவர் கையில் கிட்டியது. ஹாலேயில் கண்டதைப் பிரிஸ்டலில் செய்யலாம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

அநாதை இல்லம் நிறுவியதன் முதல் நோக்கம் குழந்தைகளின் நலம் அன்று என்பதை முல்லர் வெளிப்படையாகவே கூறினார். முதுமையை எண்ணி அஞ்சும் தொழிலாளரும், போட்டிக்கு அஞ்சி நேர்மை தவறும் வணிகரும், இறைவன் இன்றும் கைவிடாதவன் என்பதைக் கண்ணால் காணவேண்டும். எவரிடமும் கேளாமல் ஒரு வறிய மனிதர் நடத்தும் இல்லம் அதற்குச் சான்றாக நிற்கவேண்டும் என்பதே முதல் நோக்கம். குழந்தைகளின் நலம் அதற்கு அடுத்தது. இதைப் படிக்கும்போது நம் உள்ளம் சற்றே தயங்குகிறது. அத்தயக்கத்தைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

வீடு, ஆயிரம் பவுன் பணம், பணியாளர் ஆகியவற்றிற்காக அவர் வேண்டினார். ஒவ்வொன்றாக வந்தன. தட்டுகளும் துணிகளும் கட்டில்களும் வந்து குவிந்தன. ஆயிரம் பவுன் முழுமையாக நிறைவதற்கு 1837 சூன் வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, ஆயிற்று. குழந்தைகளைச் சேர்ப்பதற்கான விண்ணப்பங்களைப் பெற 1836 பிப்ரவரியில் ஒரு நாள் குறிக்கப்பட்டது. முல்லர் ஆலய அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. திரும்பி நடக்கும்போதுதான், எல்லாவற்றிற்கும் வேண்டிய தாம் குழந்தைகள் வரவேண்டும் என்று மட்டும் வேண்டவில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. வறுமை மிக்க நகரில் அநாதைகள் தாமே வருவர் என்று எண்ணிவிட்டார். எஞ்சியிருந்த அந்த ஒன்றையும் அன்றிரவு இறைவனிடம் ஒப்புவித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. 1836 ஏப்ரல் 11 அன்று வில்சன் தெருவில் வாடகை வீடொன்றில் பெண் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அத்தெருவில் நான்கு வீடுகள் ஆயின.

பிற இல்லங்களில் இடம்பெற நன்கொடையாளரின் வாக்கும் பரிந்துரையும் தேவைப்பட்ட காலத்தில், முல்லர் அவற்றை வேண்டவில்லை. தாயும் தந்தையும் இழந்த வறிய குழந்தையாக இருந்தால் போதும். எனினும் முறையான திருமணத்தில் பிறந்த குழந்தையாக இருத்தல் வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டவர் இந்த வேலியை மட்டும் ஏன் தம் கையால் கட்டினார் என்று கேட்கத் தோன்றுகிறது. அக்காலத்துச் சமுதாயத்தின் நிழல் அது என்று கொள்வதைத் தவிர வேறு விடை நமக்குத் தெரியவில்லை.

முதலிரண்டு ஆண்டுகள் கையிருப்பில் குறைவில்லை. 1838 செப்டம்பரில் முதன்முறையாகப் பணம் அறவே தீர்ந்தது. முல்லர் பணியாளர்களைக் கூட்டி நிலைமையை எடுத்துரைத்தார். வெளியே ஒருவரிடமும் சொல்லலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் சோதனைக் காலம். அடுத்த வேளைப் பாலுக்குப் பணமில்லாத நாள்களை அவர் நாட்குறிப்பு அடுக்கிச் சொல்கிறது. கடன் கூடாது என்பது விதி. ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக் கணக்கு வைப்பதும் கடனே என்று கண்டு அதனையும் நிறுத்தினார். அன்றன்று பணம் கொடுத்தே வாங்கவேண்டும். பணம் இல்லையெனில் வாங்குதல் இல்லை.

நம் தயக்கம் இங்குதான் கூர்மை பெறுகிறது. ஒருவர் தம் வாழ்வை இறைவனிடம் ஒப்புக்கொடுக்கலாம். பிறர் குழந்தைகளின் காலை உணவை ஒப்புக்கொடுக்க அவருக்கு உரிமை உண்டா? நெருக்கடி இருப்பதைக் குழந்தைகள் அறியாமலே வளர்ந்தனர் என்றும் ஒருவேளை உணவும் தவறியதில்லை என்றும் முல்லரின் பதிவு கூறுகிறது. அது எவ்வாறு இயன்றது என்பதையும் அதே பதிவு ஒளிக்காமல் காட்டுகிறது. கையிருப்பு அற்ற நாள்களில் இல்லத்தின் ஆசிரியைகளும் பணிப்பெண்களும் தம் சொற்ப ஊதியத்திலிருந்து காசு எடுத்து வைத்தனர். தம் உடைமைகளை விற்றுக் கொடுத்தோரும் உண்டு. முதலில் தாம் கொடுப்பதற்கு ஏதும் இல்லையென்றான பின்னரே இறைவனிடம் கேட்கத் தமக்கு உரிமை உண்டு என்று அவர்கள் எண்ணினர். ஆகவே அந்த ஒப்புக்கொடுத்தல் ஒருவர் செய்தது அன்று. முல்லர் பெயரால் வழங்கும் நம்பிக்கையின் பாதியை, ஊர் பெயர் அறியாத அப்பெண்கள் சுமந்தனர். இதனைக் கண்டபின் நம் தயக்கம் முற்றிலும் நீங்கியது என்று சொல்ல மாட்டோம். ஆயினும் அதன் கூர் மழுங்குகிறது.

அவர்மீது சொல்லப்படும் மற்றொரு தடையும் எண்ணத்தக்கது. எவரிடமும் கேளாதவர் என்றால், ஆண்டுதோறும் வரவுசெலவு அறிக்கை அச்சிட்டது ஏன்? 1837 முதல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டது ஏன்? அவற்றைப் படித்தே பலர் பணம் அனுப்பினர் அல்லவா? இத்தடை நேரியதே. பிறர் பணத்தைக் கையாளுபவர் கணக்குக் காட்டாதிருத்தல் அறமன்று என்பதே அவர் விடை. சொல்லோடு நின்றிருந்தால் அதனைச் சமாளிப்பு என்று தள்ளிவிடலாம். 1841 டிசம்பரில் அவர் நடந்துகொண்ட முறை வேறு கதை சொல்கிறது. ஆண்டறிக்கை வெளியிட்டுப் பொதுக்கூட்டம் நடத்தவேண்டிய காலம் அது. இல்லங்களோ கொடிய வறுமையில் இருந்தன. நிலையைச் சொன்னால் உதவி பாய்ந்து வந்திருக்கும். அறிக்கை வேண்டுகோளாகிவிடும் என்று கருதிய முல்லர், அக்காரணத்தாலேயே அதனை ஒத்திவைத்தார். பின்வந்த மாதங்கள் முன்னிலும் கடுமையாக இருந்தன. கடைசி நாணயம் வரை தீர்ந்த நாள்கள் பல. அவை கடந்த பின்னரே அறிக்கை வெளிவந்தது. தன் கையிலுள்ள ஒரே கருவியைத் தேவை மிகுந்த நேரத்தில் கீழே வைப்பதே ஒப்புக்கொடுத்தல் எனில், அதற்கு இந்நிகழ்ச்சியினும் தெளிவான சான்று அவர் வாழ்வில் இல்லை.

1845இல் வில்சன் தெருவினர் குழந்தைகளின் இரைச்சலைப் பற்றிப் பணிவாக ஒரு கடிதம் எழுதினர். முல்லர் சினம் கொள்ளவில்லை. அவர்கள் கூறுவது நியாயம் என்று கண்டார். நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் நிலம் பார்த்தார். ஏக்கருக்கு 200 பவுன் கேட்ட உரிமையாளர், இரவில் அதுபற்றிய நினைவால் உறக்கமின்றிக் கிடந்து, மறுநாள் 120 பவுனுக்கே தர இசைந்தார். 1849 சூன் 18 அன்று முதல் மாளிகைக்குள் குழந்தைகள் புகுந்தனர். 1870க்குள் ஐந்து பெருங்கட்டடங்கள் எழுந்தன. 2,050 குழந்தைகளுக்கு இடம். கட்டடச் செலவு ஏறத்தாழ 1,15,000 பவுன்.

முல்லரைப் பற்றி மேடைகளில் பெரிதும் சொல்லப்படுவது, உணவில்லாத காலையில் ரொட்டிக்காரரும் பால்காரரும் கதவைத் தட்டிய நிகழ்ச்சி. அது பின்னாளில் ஒருவர் தம் நினைவிலிருந்து சொன்னது. முல்லரே எழுதி வைத்தவற்றுள் 1857 நவம்பர் இறுதியில் நேர்ந்தது நம் கருத்தில் இன்னும் சிறந்தது. முதல் மாளிகையைச் சூடாக்கும் கொதிகலன் கசியத் தொடங்கியது. செங்கல் கட்டுமானத்தைப் பெயர்த்தாலன்றிக் கசிவு தெரியாது. நெருப்பை அணைத்தாலன்றிப் பெயர்க்க இயலாது. முந்நூறு சிறு குழந்தைகள் உள்ளே. வெளியே குளிர்ந்த வாடைக்காற்று. நாள் குறித்தாயிற்று, இனி மாற்ற இயலாது. காற்று தெற்காகத் திரும்பவேண்டும், வேலையாட்களுக்கு உழைக்கும் மனம் வேண்டும் என்று இரண்டையும் வேண்டினார். குறித்த நாளில் தென்றல் வீசியது. கசிந்த இடமும் விரைவில் அகப்பட்டது. மாலையில் மேலாளர் வந்து, ஆட்கள் இரவு நெடுநேரம் உழைத்து விடியலில் மீண்டும் வருவர் என்றார். ஆட்களோ இரவு முழுவதும் வேலை செய்துவிடுவதாகத் தாமே முன்வந்தனர். இதில் முல்லர் கைவிட்டது காற்றை. கொத்தரை அழைப்பதையோ நாள் குறிப்பதையோ அவர் கைவிடவில்லை. எது தம் வேலை, எது தம் வேலையன்று என்னும் எல்லையை அவர் அறிந்திருந்தார்.

1870இல் மேரி அம்மையார் மறைந்தார். கணவரே அடக்க ஆராதனையை நடத்தினார். அடுத்த ஆண்டு சூசன்னா சாங்கர் என்னும் அம்மையாரை மணந்தார். மகள் லிடியாவின் கணவர் ஜேம்ஸ் ரைட்டிடம் இல்லப் பொறுப்பைப் பகிர்ந்தளித்துவிட்டு, 1875இல், எழுபதாம் வயதில், உலகப் பயணம் தொடங்கினார். பதினேழு ஆண்டுகளில் நாற்பத்திரண்டு நாடுகள். இந்தியாவுக்கும் வந்தார். 1890 சனவரியில் ஒரே மகள் லிடியா பிரிஸ்டலில் இறந்த செய்தி, ஜபல்பூரில் இருந்த அவருக்குத் தந்தி வழியே கிட்டியது. ஆயிரக்கணக்கான அநாதைகளுக்குத் தந்தையானவர், சொந்த மகளின் இறுதி நேரத்தில் அருகில் இல்லை.

1898 மார்ச் 9 மாலை வழக்கம்போல் வழிபாட்டுக் கூட்டத்தை நடத்தினார். மறுநாள் காலை தம் அறையில் உயிர் நீத்துக் கிடந்தார். வயது தொண்ணூற்றிரண்டு. அவர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் வளர்ந்தனர். எல்லாப் பணிகளுக்குமாக அவர் கை வழியே சென்ற பணம் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பவுன். அவர் விட்டுச்சென்ற சொத்தை மதிப்பிட்டபோது நூல்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் உட்பட 170 பவுனுக்கும் குறைவாகவே இருந்தது. ஆஷ்லி டவுன் கட்டடங்கள் 1958இல் விற்கப்பட்டுக் கல்லூரிக்கும் பின்னர்க் குடியிருப்புகளுக்கும் பயன்பட்டன.

ஆண்டறிக்கைகளின் நன்கொடைப் பட்டியலில், பெயர் குறிப்பிடாமல், இறைவனின் ஊழியர் ஒருவர் தந்தது என்ற பொருளில் ஒரு குறிப்பு ஆண்டுதோறும் இடம்பெற்று வந்தது. அவர் யாரெனப் படித்தவர் அறியார். முல்லர் இறந்த பின்னரே அவ்வூழியர் முல்லர்தாம் என்பது தெரியவந்தது. தம் சொந்தச் செலவுக்கென்று அன்பர்கள் அளித்ததையே அவ்வாறு திருப்பி அளித்திருந்தார். பழைய அறிக்கைகளை எடுத்துவைத்து அத்தொகைகளைக் கூட்டிப் பார்த்தபோது 81,000 பவுனுக்கு மேல் வந்தது.